இரண்டு மழைகளின் ஆறு

கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் ஆறு பழையாறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், அசம்பு மலைச் சரிவில் சுருளோட்டுப் பக்கம் உருவாகி, தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களின் வயல்களுக்கு நடுவே இறங்குகிறது. வடசேரிக்குக் கிழக்கே ஒழுகினசேரியைத் தொட்டு, கோட்டாற்றின் ஓரமாகச் சுசீந்திரம் போய், மணக்குடியில் கடலில் கலக்கிறது. மலையிலிருந்து கடல்வரை நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான ஓட்டம்தான். ஆனால் இந்தச் சிறிய ஓட்டத்துக்குள் பத்துக்கும் மேற்பட்ட தடுப்பணைகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும், அந்தக் கால்கள் நிரப்பும் நூற்றுக்கணக்கான குளங்களும் அடங்கியிருக்கின்றன. வீரநாராயணமங்கலம், சபரி, குமரி, சோழன்திட்டை, மிஷன் என்று ஒவ்வோர் அணையும் ஒரு காலத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த ஆற்றின் வரலாறு, தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பதன் வரலாறு. எவ்வளவு வரும் என்பது அதற்கு அடுத்த கேள்விதான். நெல்லும், மீனும், தாமரையும், பறவையும், கழிமுகத்து இறாலும் அந்த வரவையும் நிறுத்தத்தையும் பார்த்தே தங்கள் காலத்தை அமைத்துக்கொண்டன.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க, கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் ஏறத்தாழச் சம அளவில் கிடைக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்–கொச்சி ஆட்சிக்குள் இருந்த மண் என்பதால், மழைக்கணக்கும் கொல்லம் ஆண்டின் மாதப் பெயர்களில்தான் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் இடவப்பாதி. அக்டோபர், நவம்பரில் துலா மழை. முதல் மழையில் விளைந்து கன்னி மாதத்தில் அறுவடையாவது கன்னிப்பூ. இரண்டாம் மழையில் வளர்ந்து கும்ப மாதத்தில் அறுவடையாவது கும்பப்பூ. கன்னிப்பூவுக்குக் கோடைமழை ஈரத்தில் பொடியில் விதைப்பதும் உண்டு. கும்பப்பூ பெரும்பாலும் தொளியில் நடவு.

மாவட்டம் முழுவதற்கும் இரண்டு மழை என்றாலும், எல்லா ஊருக்கும் ஒரே அளவில் அவை பெய்வதில்லை. தென்மேற்குக் காற்று மலையின் மேற்கு முகத்தில் மோதி, கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் கொட்டிவிடுகிறது. மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே தோவாளைக்கு வரும்போது சாரலும் காற்றுமே மிச்சம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமான அதே காற்றுதான் நாஞ்சில் நாட்டின் கிழக்குப் பகுதிக்கு மழையைக் குறைத்துத் தருகிறது. ஆக, ஜூன் மாதத்தில் மேற்கே கோதையாறும் பறளியாறும் கரைபுரளும். நெல்வயல் பரந்து கிடக்கும் கிழக்கே பழையாறு மெலிந்து ஓடும். வெள்ளம் ஓரிடத்தில், வயல் வேறோரிடத்தில். நாஞ்சில் நாட்டு நீர்ப்பணிகள் எல்லாமே இந்த ஒரு முரணைத் தீர்க்க எழுந்தவை.

முதல் தீர்வு பாண்டியன் கால். பொன்மனைக்கு அருகே பறளியாற்றின் குறுக்கே ஓர் அணை போட்டு, பாறையைக் குடைந்து வாய்க்கால் வெட்டி, அந்த ஆற்று நீரைப் பழையாற்றுக்குத் திருப்பினார்கள். செய்தவன் ஒரு பாண்டிய மன்னன் என்பது மரபு. பறளியாறு இயல்பாகப் போக வேண்டிய வழி வேறு. மூவாற்றுமுகத்தில் கோதையாற்றோடு சேர்ந்து, குழித்துறை வழியாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழும் ஆறு அது. மேற்கே விழவேண்டிய நீரில் ஒரு பங்கு மணக்குடிப் பக்கம் வந்து சேர்ந்தது அந்தக் காலால்தான். ஒரு வடிநிலத்து நீரை இன்னொரு வடிநிலத்துக்குக் கொண்டுசெல்லும் வேலை இன்றும் பொறியாளர்களுக்குப் பெரிய வேலை. வெறும் உளியும் கடப்பாரையும் கொண்டு அதைச் செய்து முடித்தவர்களின் நிலவறிவு வியக்கத்தக்கது. சரிவு ஒரு முழம் தவறியிருந்தாலும் நீர் திரும்பியிருக்காது.

பாண்டியன் காலால் பழையாற்றின் இயல்பே மாறியது. சொந்த மலையின் மழைக்கு மட்டும் பெருகி வற்றிய ஓடை, மேற்கு மலையின் மழைக்கும் பெருகும் ஆறாயிற்று. ஆற்றின் உயிர்களுக்கு இது இரண்டாவது ஒரு வெள்ளக்காலத்தைக் கொடுத்தது. பிறகு, திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்ட பதினெட்டாம் நூற்றாண்டில், பறளியாற்றில் புத்தன் அணை எழுந்தது. அப்போதைய தலைநகரான பத்மநாபபுரத்துக்கும் அதைச் சுற்றிய வயல்களுக்கும் அங்கிருந்து புத்தனாறு கால் சென்றது.

ஆற்றங்கரை ஊர்கள் பழமையானவை. கோட்டாறு கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமியின் நூலிலேயே கொட்டியாரா என்று பதிவான ஊர். சோழர் ஆட்சியில் மும்முடிச்சோழநல்லூர் என்றும் பெயர் பெற்றது. ஒழுகினசேரியில் ஆற்றை ஒட்டிச் சோழர் காலத்துச் சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. வடசேரி ஆற்றுக்கும், மேற்கே பார்வதிபுரம் பக்கமாக வரும் அனந்தனாறு காலுக்கும் இடைப்பட்ட மேட்டில் அமைந்த ஊர். நெசவாளர்களும், கோயில் நகை செய்யும் கைவினைஞர்களும், கனகமூலம் சந்தை வணிகர்களும் சேர்ந்து வளர்த்த ஊர் என்றாலும், அதன் நான்கு புறமும் வயலும் குளமுமாகவே இருந்தன. ஊர் மேட்டில், வயல் பள்ளத்தில், இரண்டுக்கும் இடையில் குளம். நாஞ்சில் நாட்டு ஊர்களின் அமைப்பு பெரும்பாலும் இதுதான்.

குளங்களே இந்த அமைப்பின் நெஞ்சு. மாவட்டத்தில் இவை ஈராயிரத்துக்கும் மேல் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தனித்தனிக் குளங்களாகத் தோன்றினாலும் அவை தொடர்கள். கால் முதலில் மேல்குளத்தை நிரப்பும். அது நிரம்பியதும் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். இப்படியே கடைவரம்பு வரை. மேல்மடை நிரம்பாமல் கீழ்மடைக்கு நீர் கிடையாது என்பதால் ஊர்களுக்கு இடையே சண்டையும் வந்தது, ஒப்பந்தமும் வந்தது. தேரூர், சுசீந்திரம் பகுதிக் குளங்களில் சிலவற்றின் பெயர்கள் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த செப்பேட்டில் இடம்பெற்றிருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே பள்ளத்தில் தண்ணீர் நின்று வற்றி, நின்று வற்றி வந்திருக்கிறது.

அந்த வற்றுதல் முக்கியமானது. வறண்ட குளத்தை வீணான குளம் என்று பார்ப்பது பிற்காலத்துப் பார்வை. பழைய நடைமுறையில் கோடை வறட்சிக்கென்று வேலைகள் இருந்தன. மாசியில் கும்பப்பூ அறுவடை முடிந்ததும் கால்களில் நீர் நின்றுவிடும். பங்குனி, சித்திரையில் குளம் சுருங்கிச் சுருங்கி நடுப்பள்ளத்துக்குள் ஒடுங்கும். அப்போது வண்டலை வெட்டி வண்டியேற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். கரையில் மண் போட்டு உயர்த்துவார்கள், மடைகளைப் பழுது பார்ப்பார்கள். மீன் குத்தகை எடுத்தவர் வலை இறக்குவதும் அப்போதுதான். வெயிலில் காய்ந்து வெடித்த குளத்தின் அடிமண்ணில் காற்று புகுந்து, அழுகிய இலைதழையெல்லாம் மக்கி, அடுத்த மழைக்கு உரமாகிவிடும். ஆண்டு முழுதும் நீர் நிற்கும் குளத்தில் இது நடக்காது. அங்கே சேறு கறுத்து நாறும், ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும்.

மீன்கள் இந்த வறட்சிக்குப் பழகியவை. நாஞ்சில் நாட்டுக் குளத்து மீன்களில் விராலும் பனையேறிக்கெண்டையும் கெளுத்திகளில் சிலவும் காற்றை நேரடியாகச் சுவாசிக்க வல்லவை. நீரில் உயிர்வளி குறைந்தாலும், சேறும் சகதியுமாகக் கிடந்தாலும் அவை தாக்குப்பிடிக்கும். இடவப்பாதியின் முதல் வெள்ளம் காலில் வந்து குளத்தில் விழும்போது, மீன்கள் அதை எதிர்த்து மேலே ஏறத் தொடங்கும். மறுகாலில் துள்ளி, மடைக்குள் நுழைந்து, நடவு முடிந்த வயலின் அரையடித் தண்ணீருக்குக்கூடப் போய்விடும். இந்த ஏற்றம் இனப்பெருக்கத்துக்கான பயணம். புதிதாக நீர் மூடிய நிலத்தில் பாசியும் நுண்ணுயிரும் மிகுதி; பெரிய மீன்களின் தொல்லை குறைவு; குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வயல் வரப்போரத்தில் விரால் குஞ்சுகள் செந்நிறத் திரளாக ஒன்றாய் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு ஒன்றாய் அமிழும். தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். ஆள் நிழல் பட்டால் அந்தச் செம்மை ஒரு நொடியில் மறைந்து, சற்றுத் தள்ளி மறுபடி தோன்றும். வயலில் உழைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி இது. மழை சரியாகப் பெய்திருக்கிறது என்பதற்குச் சாட்சியும் இதுவே.

மலையோடைகளில் கதை வேறு. சுருளோட்டுக்கு மேலே, பாறைகளுக்கிடையே மரநிழலில் ஓடும் நீரில் பாசி குறைவு. அங்கே உணவு மேலிருந்து உதிரும் இலை. இலையை அரித்துத் தின்னும் பூச்சிப் புழுக்கள், அவற்றைத் தின்னும் சிறு மீன்கள், பாறையில் ஒட்டிக்கொண்டு பாசி சுரண்டும் கல்லொட்டி. துலா மழையின் காட்டுவெள்ளம் கற்களை உருட்டி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகும். சில வாரங்களில் கல்லில் புதுப்பாசி பிடிக்க, புழுக்கள் வர, ஓடை மறுபடி நிறையும். வெள்ளம் அழிப்பதைப்போலத் தோன்றினாலும், வண்டலையும் பழைய பாசியையும் கழுவி இடத்தைப் புதிதாக்குவதும் அதுவே.

இந்த முறை நாஞ்சில் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் நடுப்பகுதிப் புல்வெளிகளில், மரமில்லாத வெளிகளில் ஓடும் சிற்றோடைகளும் வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் இடையே வாழ்பவை. கன்சாஸ் மாநிலத்தின் கோன்சா புல்வெளியில் கிங்ஸ் ஓடை என்ற ஓர் ஓடையை ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். கோடையில் ஓட்டம் அறுந்து, ஊற்று உள்ள மடுக்களில் மட்டும் நீர் நிற்கும்; மீன்கள் அங்கே ஒடுங்கிக் காத்திருக்கும்; மழை வந்ததும் பரவும். வறட்சியும் வெள்ளமும் அந்த ஓடைகளின் இயல்பான ஒழுங்கு என்பதும், அணை கட்டி ஓட்டத்தைச் சமப்படுத்தினால் அந்த ஒழுங்குக்குப் பழகிய மீன்களே முதலில் குறைகின்றன என்பதும் அத்தகைய புல்வெளி ஓடைகளில் கண்டறிந்தவை. புல்வெளிக்குப் பதில் நெல்வயல், மடுவுக்குப் பதில் குளம் என்று வைத்துக்கொண்டால் பழையாற்றுக்கும் அது பொருந்தும். ஒரு வேறுபாடு உண்டு: கன்சாஸ் மடுக்கள் இயற்கை தந்தவை, நாஞ்சில் நாட்டுக் குளங்கள் மனிதர் வெட்டியவை. நெல்லுக்காக வெட்டிய குளம், மீனுக்கும் பறவைக்கும் கோடைப் புகலிடமாயிற்று.

பறவைகளின் வருகையும் இதே கணக்கில்தான். துலா மழைக்குக் குளங்கள் நிரம்பும் வேளையில் மத்திய ஆசிய வலசைப்பாதை வழியாக வாத்துகளும் உள்ளான்களும் வரத் தொடங்கும். ஊசிவால் வாத்தும் கிளுவையும் ஆழமான நீரில் தங்கும். மாசிக்குப் பிறகு நீர் இறங்கி, சேற்று விளிம்பு வெளிப்பட வெளிப்பட, உள்ளான்களுக்கு விருந்து. சுருங்கும் நீரில் மீன் நெருங்கிக் கிடக்கும் பங்குனியில் கூழைக்கடாவும் நாரைகளும் கூடும். நீலத் தாழைக்கோழியும் இலைக்கோழியும் தாமரை இலைகளுக்கிடையே ஆண்டு முழுதும் வாழ்பவை. இலைக்கோழி மிதக்கும் இலையின் மேலேயே முட்டையிடுவதால், நீர்மட்டம் திடீரென்று ஏறினால் கூடு போய்விடும். ஒரே குளம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வேறு வேறு பறவைகளுக்கு ஏற்ற இடமாக மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செய்வது நீர்மட்டம். சுசீந்திரம்–தேரூர் குளத் தொகுதியில் 250 வகைப் பறவைகள்வரை பதிவாகியிருக்கின்றன. 2022-ல் அது ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஆற்றின் பழைய ஒழுங்கை மிகப் பெரிதாக மாற்றியது பேச்சிப்பாறை அணை. பாண்டியன் காலும் புத்தன் அணையும் ஓடும் நீரைத் திருப்பின, தேக்கிவைக்கவில்லை. மழை தவறிய ஆண்டில் நாஞ்சில் நாடு காய்ந்தது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா ஆட்சியில், 1897-ல் தொடங்கி 1906-ல், ஐரோப்பியப் பொறியாளர் மிஞ்சின் பொறுப்பில், கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. அங்கிருந்து இடதுகரைக் கால் வழியாக நீர் புத்தன் அணைக்கு வந்து, அனந்தனாறு, தோவாளைக் கால்களுக்கும் பாண்டியன் கால் வழியே பழையாற்றுக்கும் பிரிந்தது. 1953-ல் பறளியாற்றில் பெருஞ்சாணி அணையும், பின்னர் சிற்றாறு அணைகள் இரண்டும் சேர்ந்தன. இன்று கோதையாறு பாசனம் என்று அழைக்கப்படும் இந்த முழு அமைப்பும் 79,000 ஏக்கருக்கு நீர் தருவதாக அரசுக் கணக்கு.

அணை வந்ததும் மழையோடு சேர்ந்து இன்னொரு நாள்காட்டியும் வந்தது. வழக்கமாக ஜூன் 1-ல் அணை திறக்கும். பிப்ரவரி கடைசியில் மூடும். இந்த இரண்டு தேதிகளையும் வகுத்தவர்கள் பழைய பருவங்களை மதித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இடவப்பாதியில் திறப்பு, கும்ப அறுவடையோடு மூடல், நடுவில் மூன்று மாத ஓய்வு. பொறியியல் புதிதானாலும் ஒழுங்கு பழையது. அதனால்தான் அணைக்குப் பிறகும் நாஞ்சில் நாட்டுக் குளங்கள் நிரம்பி வற்றும் குளங்களாகவே இருந்தன; மீன் ஏற்றமும் பறவை வரவும் தொடர்ந்தன. வேளாண்மையும் இந்தத் தேதிகளைச் சுற்றியே வளர்ந்தது. வடசேரிக்கு அருகே, பழையாற்றங்கரையில், திருப்பதிசாரத்திலுள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 8 வகையோடு நாட்டு நெல்லான கட்டிச்சம்பாவைக் கலந்து திருப்பதிசாரம் 1 என்ற குறுகிய கால நெல்லை உருவாக்கியது. கும்பப்பூவுக்குத் திருப்பதிசாரம் 3 பரவியது.

மலைக்குள் இழப்பு இருந்தது. கோதையாற்றின் காட்டுவெள்ளம் அணையில் நின்றுபோனது; காணிக்காரப் பழங்குடியினர் வாழ்ந்த பள்ளத்தாக்கின் ஒரு பகுதி நீருக்குள் போனது; கீழே குழித்துறைப் பக்கம் ஓட்டம் மெலிந்தது. ஒரு பக்கத்து வளம் இன்னொரு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை நாஞ்சில் நாட்டு நீர் வரலாற்றை எழுதும்போது மறைக்க முடியாது.

சமவெளியில் பெரிய முறிவு வந்தது அணையால் அல்ல, நிலம் கைமாறியதால். நெல்லுக்குக் கட்டுபடியான விலை இல்லாமல், ஆள் கூலியும் ஏறிப்போக, வயல்கள் முதலில் வாழைத் தோப்பாகவும் தென்னந்தோப்பாகவும், பிறகு வீட்டுமனைகளாகவும் மாறின. வாழைக்கும் தென்னைக்கும் வயலில் நீர் நிற்கக்கூடாது. நீர் நிற்காத வயலில் மீன் குஞ்சு வளராது. தவளையும் நத்தையும் குறையும். அவற்றைத் தின்னும் நாரைக்கும் அங்கே வேலை இல்லை. மனையான வயல்களுக்கு நடுவே கால் இருப்பதே தொல்லையாகத் தெரிந்து, அது சாக்கடையாகவோ மூடிய வடிகாலாகவோ ஆயிற்று. நாகர்கோவில், வடசேரிப் பகுதிகளில் பல குளங்கள் தூர்ந்தும் நிரவப்பட்டும் போயின. நான்குவழிச் சாலையும் குளங்களையும் கால்களையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போயிருக்கிறது.

ஒழுகினசேரியில் இந்த மாற்றத்தை நேராகப் பார்க்கலாம். பழைய ஒழுங்கில் மார்ச்சுக்குப் பிறகு ஆற்றில் தெளிந்த சிறு ஓட்டம் மட்டும் இருக்கும், மணல் தெரியும். இப்போது நகரத்துக் கழிவுநீர் பல இடங்களில் ஆற்றில் விழுவதால், கோடையிலும் ஆறு நிறைந்தே தெரிகிறது. தடுப்பணைகளுக்குப் பின்னால் அந்த நீர் தேங்கி ஆகாயத்தாமரையால் மூடப்படுகிறது. இலைப்பாய்க்கு அடியில் வெளிச்சமும் உயிர்வளியும் போய்விட, காற்றைச் சுவாசிக்கத் தெரியாத கெண்டை வகைகள் இல்லாமலாகி, எதையும் தாங்கும் வெளிநாட்டு மீன்கள் மிஞ்சுகின்றன. வறண்டு தூய்மையாகும் வாய்ப்பை ஆறு இழந்துவிட்டது. நீர் அதிகம் இருந்தும் உயிர் குறைவு.

வெள்ளத்தின் இயல்பும் மாறியிருக்கிறது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலும், 2021 நவம்பர் நடுவில் தொடர்மழையும் மாவட்டத்தைத் தாக்கியபோது, குளங்கள் உடைந்து வயலும் குடியிருப்பும் நீரில் மூழ்கின. பழைய குளத்தொடர் முழுதாக இருந்தாலும் அந்த அளவு மழையில் சேதம் இருந்திருக்கும். ஆனால் ஒரு குளத்தின் மறுகால் அடுத்த குளத்துக்குப் போகும் வழியில் வீடுகள் நின்றால், அந்த நீர் வீட்டுக்குள்தான் போகும். குளம் நிரவிய இடத்தில் மழைநீர் மறுபடி குளமாகவே தேங்குவதை நகரம் ஒவ்வொரு துலா மழையிலும் பார்க்கிறது.

மேலே நடக்கும் எல்லாவற்றின் கணக்கும் கடைசியில் மணக்குடியில் தெரியும். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் கோடையில் அலைகள் மணலை ஒதுக்கித் திட்டாக்கி வாயை அடைத்துவிடும். உள்ளே காயல் ஏரிபோல் நிற்கும். மழைவெள்ளம் வந்து மணல்திட்டை உடைத்ததும் நன்னீர் கடலுக்குள் பாயும். வெள்ளம் தணிந்ததும் கடல்நீர் உள்ளே ஏறும். இறால் குஞ்சும் மடவையும் கொடுவாவும் அதோடு வந்து காயலில் வளரும். பொழி திறக்காத ஆண்டில் காயல் மீன்பிடி படுத்துவிடும். பொழி திறக்க வேண்டுமானால் ஆற்றில் வேகமான வெள்ளம் வேண்டும். அந்த வெள்ளம் பேச்சிப்பாறை மதகு, புத்தன் அணை, பத்துக்கு மேற்பட்ட தடுப்பணைகள், நூற்றுக்கணக்கான குளங்கள் எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலை மணக்குடிப் பாலத்தையே பெயர்த்து எறிந்தது. அதன் பிறகு காயல் ஓரத்தில் அலையாத்தி மரங்கள் நடப்பட்டன. அவையும் உப்பும் நன்னீரும் மாறி மாறி வருவதை நம்பி வளர்பவை. சுசீந்திரம், தேரூர், மணக்குடி மூன்றையும் சேர்த்து 2015-ல் பறவைகளுக்கான பாதுகாப்புப் பகுதியாக அரசு அறிவித்தது. ஆனால் அந்த மூன்று இடங்களுக்கும் நீரைக் கொண்டுவரும் கால்களும் மறுகால்களும் அந்த எல்லைக்கு வெளியே, வடசேரியைப் போன்ற ஊர்களின் வழியே ஓடுகின்றன.